மூச்சுக்கு ஒரு மாற்று

எங்கள் வீட்டு மர அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. ஒருகாலத்தில் தீபாவளிப் பலகாரம் வைத்திருந்த பெட்டி. மூடியைத் திறந்தால் இன்றும் நெய்வாசம் லேசாக எழுவதாக எங்களுக்கு ஒரு பிரமை. இப்போது அதனுள் இருப்பவை வேறு. மூக்கில் பொருத்தும் மாஸ்க் ஒன்று, அதன் சிலிக்கோன் விளிம்பு தனியாக இரண்டு, தலைப்பட்டை ஒன்று, ஆறடி நீளக் குழாய் ஒன்று, பொட்டலமாகக் கட்டிய வடிகட்டித் துண்டுகள், ஓர் அடாப்டர், கார் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துத்தரும் கம்பி ஒன்று. பெட்டிக்கு அருகில், பழைய துண்டால் போர்த்தப்பட்டு, ஓய்வு பெற்ற ஒரு சீபேப் கருவி.

எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருநாள் இவற்றைப் பார்க்க நேர்ந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, “ஏன்ப்பா, வேட்டி சேலைக்கு மாத்து வச்சிக்கலாம். மூச்சுக்குக் கூடவா மாத்து வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். நாங்கள் சிரித்துச் சமாளித்தோம். அவருக்கு அன்று சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுத முயல்கிறோம்.

எங்களில் ஒருவருக்கு உறக்கத்தில் மூச்சு நிற்கும். ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். விழித்திருக்கும்போது விறைப்பாக நிற்கும் தொண்டைத் தசைகள் உறக்கத்தில் தளர்கின்றன. நாக்கு பின்னே சரிகிறது. மூச்சுக்குழல் வழி மூடிக்கொள்கிறது. நெஞ்சு மூச்சிழுக்க முயன்றுகொண்டே இருக்கும். காற்றோ உள்ளே போகாது. இரத்தத்தில் பிராணவாயு குறையக் குறைய மூளை அரைகுறையாக விழித்து உடலை உலுக்குகிறது. ஒரு பெருந்திணறலோடு மூச்சு திரும்புகிறது. உறங்குபவருக்கு இதில் எதுவும் நினைவிருப்பதில்லை. எல்லாம் தெரிந்திருப்பது பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான்.

எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் அது குறட்டை என்ற பெயரிலேயே வழங்கியது. கும்பகர்ணன் பெயரைச் சொல்லிக் கேலி செய்யாத உறவினர் இல்லை. டிக்கன்ஸின் பிக்விக் பேப்பர்ஸ் நாவலில் நின்றபடியே உறங்கிவிடும் ஜோ என்ற பருத்த பையனைப் பற்றிப் படித்து நாங்களும் சிரித்தவர்கள்தாம். 1956இல் மருத்துவர்கள் சிலர் அந்த நாவலின் பெயரையே ஒரு நோய்க்கு வைத்தார்கள் என்பதைப் பிற்பாடு அறிந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. உண்மையில் எங்களை அச்சுறுத்தியது குறட்டை அன்று, குறட்டை நின்றுபோகும் கணம். அந்த மௌனத்தில் மற்றவர் எழுந்து உட்கார்ந்து எண்ணத் தொடங்குவார். பத்து எண்ணுவதற்குள் மூச்சு வந்துவிட்டால் படுத்துக்கொள்வது. வராவிட்டால் தோளைத் தொட்டு உலுக்குவது. மருத்துவமும் பத்து நொடிகளைத்தான் அளவாகக் கொள்கிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

2014இல் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில், தலையிலும் நெஞ்சிலும் கம்பிகள் ஒட்டி, விரலில் ஒரு கவ்வி மாட்டி, ஓர் இரவு முழுக்க உறங்கவைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 42 தடவை என்று முடிவு வந்தது. மணிக்கு 30க்கு மேல் போனாலே கடுமையானது என்பது கணக்கு. ஏழு மணி நேர உறக்கத்தில் ஏறக்குறைய 300 முறை மூச்சுக்கு இடையூறு. அந்த எண்ணைக் கேட்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவர் அத்தனை முறை திணறியிருக்கிறார். மற்றவர் எத்தனை முறை எழுந்திருப்பார் என்பதை எந்தக் கம்பியும் அளக்கவில்லை.

அதன்பின் வந்தது இந்தக் கருவி. சிட்னி பல்கலைக்கழகத்தின் காலின் சல்லிவன் 1980இல் முதன்முதலாக முயன்று, மறு ஆண்டு ஐந்து நோயாளிகளைப் பற்றி லான்செட் இதழில் எழுதி உலகறியச் செய்தது. அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்கு இருந்த வழி, கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவது. தொடக்கக் கால நோயாளிகள் ஒவ்வோர் இரவும் மாஸ்கை மூக்கில் பசை போட்டு ஒட்டிக்கொண்டார்களாம். அவர்களை நினைத்தால் எங்கள் தலைப்பட்டையின் உறுத்தல் பெரிதாகத் தெரிவதில்லை.

பலர் நினைப்பதுபோல் இது பிராணவாயு தரும் கருவி அன்று. அறையில் உள்ள காற்றையே சற்று அழுத்தத்தோடு மூக்கினுள் செலுத்துகிறது. மூடிக்கொள்ளப் பார்க்கும் வழியைக் காற்றே முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். எங்களுக்கு விதித்த அழுத்தம் 11 சென்டிமீட்டர் நீர். ஒரு குவளை நீரில் உறிஞ்சுகுழலை அந்த ஆழத்துக்கு அமிழ்த்திக் குமிழி வரும்படி ஊத எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவே. அத்தனை சிறிய ஊதலில் எங்கள் வீட்டு இரவுகள் திரும்பி வந்தன. முதல் வாரத்தில் மற்றவருக்குத்தான் உறக்கம் பிடிக்கவில்லை. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

மாற்றுப் பொருள்களைப் பற்றி நாங்கள் சிந்திக்கவே இல்லை. கருவி இருக்கிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது, போதும் என்றிருந்தோம். அப்போதுதான் கஜா வந்தது.

மன்னார்குடிக்கு அருகே உள்ள சிற்றூர் எங்களுடையது. 2018 நவம்பர் 15ஆம் தேதி முன்னிரவிலேயே மின்சாரம் நின்றுவிட்டது. நள்ளிரவு கடந்து காற்று வந்தது. அந்த ஓசையில் கருவி ஓடுகிறதா இல்லையா என்பதே கேட்கவில்லை. விடியுமுன் இன்வெர்ட்டர் அடங்கியது. விடிந்து பார்த்தபோது கொல்லையில் நின்ற தென்னைகளில் நிமிர்ந்து நின்றவை இரண்டே. டெல்டா மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன என்ற செய்தி எங்களை எட்டவே நாளாயிற்று. கைப்பேசிக் கோபுரங்களும் உயிரற்றுக் கிடந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தது பதினோராம் நாள்.

இடைப்பட்ட பத்து இரவுகளில் நாங்கள் கற்றவை பல. முதல் பாடம், அந்த முதல் இரவிலேயே பிழை செய்துவிட்டோம் என்பது. கருவியோடு இணைந்த ஈரமூட்டி நீரைச் சுடவைக்கிறது. மின்சாரத்தின் பெரும்பகுதியை விழுங்குவது அதுதான். அதையும் மின்விசிறியையும் நிறுத்தியிருந்தால் இன்வெர்ட்டரின் இருப்பு இன்னும் சில இரவுகளுக்கு வந்திருக்கும். மூக்கு கொஞ்சம் உலரும், வேறொன்றும் நேராது.

இரண்டாம் பாடம் இன்னும் கசப்பானது. அடுத்த வீட்டு அண்ணன் எங்கள் நிலையறிந்து, “டிராக்டர் பேட்டரியக் கழட்டித் தர்றேன், எடுத்துக்கங்க” என்றார். களத்தில் டிராக்டர் சும்மாதான் நின்றது. ஆனால் அந்த பேட்டரி 12 வோல்ட், எங்கள் கருவி 24 வோல்ட். இரண்டையும் இணைக்கவென்றே ஒரு கம்பி விற்கிறது. வாங்கும்போதே விற்பனையாளர் சொன்னார். வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். மின்சாரம் முப்பதடி தொலைவில் இருக்க, கருவி கட்டிலருகே இருக்க, நடுவே ஒரு கம்பி இல்லை. வாடகை ஜெனரேட்டர்கள் வீடு வீடாக வந்து மேல்தொட்டியை நிரப்பிப் போயின. அந்த அரைமணி நேரத்தில் இன்வெர்ட்டரில் ஏறியது இரண்டு மூன்று மணி உறக்கத்துக்கே காணும். அதுவும் நாள்தோறும் வாய்க்கவில்லை.

சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி உறங்கிப் பார்த்தோம். மல்லாந்து படுத்தால் அடைப்பு மிகும் என்பதால், முதுகுப்புறம் துண்டை முடிச்சிட்டுக் கட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தோம். கொஞ்சம் பயன் இருந்தது. மிச்சத்துக்கு மற்றவர் விழித்திருந்து எண்ணினார். நான்காண்டுகளுக்கு முன் கைவிட்ட வேலை அப்படியே கைக்கு வந்தது.

ஒரே இரவில் உயிரைக் குடிக்கும் நோய் அன்று இது என்பதை அறிவோம். ஆபத்து பகலில் இருந்தது. ஆறாம் நாள், நிவாரணப் பொருள் வாங்கிக்கொண்டு இருவரும் வண்டியில் திரும்பும்போது, ஓட்டியவர் கண்கள் திறந்தபடியே உறங்கிவிட்டார். பின்னால் இருந்தவராவது தட்டி எழுப்பியிருக்கலாம். ஐந்து இரவுகள் எண்ணிய களைப்பில் அவரும் உறங்கிக்கொண்டிருந்தார். வண்டி கப்பியிலிருந்து நழுவி வாய்க்கால் சேற்றில் இறங்கிச் சாய்ந்தது. சிராய்ப்பு மட்டுமே. அரிசிப் பை கிழிந்து சேற்றில் கொட்டியது. அதை அள்ளக்கூட முயலாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். எதிரே லாரி வந்திருந்தால் என்று இருவருமே நினைத்தோம், இருவருமே சொல்லவில்லை.

மின்சாரம் வந்த பிறகு முதலில் வாங்கியது அந்தக் கம்பி. பிறகு பெட்டி மெல்ல நிறைந்தது. எல்லாவற்றையும் இரட்டையாக வாங்க எங்களுக்கு வசதியும் இல்லை, தேவையும் இல்லை. எது எப்படிப் பழுதாகும் என்று யோசித்தோம். சிலிக்கோன் விளிம்பு முகத்தின் எண்ணெய் பட்டு நாளடைவில் தளர்ந்து காற்றொழுகும், பிறகு கிழியும். குழாயில் நுண்ணிய விரிசல் விடும். வடிகட்டி எங்கள் ஊர்ப் புழுதியில் மாதத்துக்கே கறுத்துவிடும். இவை முன்னறிவித்துத் தேய்பவை. அடாப்டர் அப்படியன்று, மின்னழுத்தம் ஏறியிறங்கும் ஓர் இரவில் சொல்லாமல் போய்விடும். குழாயின் வாய் பெரும்பாலும் எல்லா நிறுவனக் கருவிகளுக்கும் 22 மில்லிமீட்டர் என்ற ஒரே அளவு என்பதால் எந்த மாஸ்கையும் எந்தக் கருவியோடும் இணைத்துவிடலாம். அடாப்டரும் நீர்த்தொட்டியும் அவ்வாறு பொருந்துவதில்லை. இது தெரிந்தபின் பணத்தை எங்கே செலவிடுவது என்பதும் தெரிந்துவிட்டது.

பெட்டியின் அருமையை எங்களுக்கு உணர்த்தியது ஓர் எலி. 2020 ஏப்ரலில், நாடு முழுவதும் ஊரடங்கு, கூரியர் இல்லை, கடைகள் இல்லை. ஒருநாள் மாலை பார்த்தால் குழாயின் நடுவில் கடித்த துளைகள். கஜாவுக்கு முந்தைய நாங்களாக இருந்தால் அன்றிரவு நாற்காலியும் துண்டு முடிச்சும்தான். பெட்டியைத் திறந்து புதுக் குழாயை மாட்ட இரண்டு நிமிடம் ஆயிற்று.

நம்மூரில் வண்டியின் மாற்றுச் சக்கரத்தை ஸ்டெப்னி என்கிறோம். வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில், 1904இல் மாற்றுச் சக்கரம் செய்யத் தொடங்கியவர்களின் கடை இருந்ததால் வந்த பெயர். அந்தத் தெருவின் பெயர் நம் டெல்டாவின் மாட்டுச்சாலை வரை வந்துவிட்டது. ஆனால் நடுவழியில் ஸ்டெப்னியைக் கழற்றிப் பார்த்து அதிலும் காற்றில்லை என்று தலையில் கைவைத்தவர்களையும் கண்டிருக்கிறோம். ஆகவே மாதத்தின் முதல் இரவில் பழைய கருவியை எடுத்து ஓடவிட்டு அதில் உறங்குவது வழக்கமாயிற்று. பழைய கருவியைக் கண்மூடி நம்பவும் முடியாது. 2021 ஜூனில், ஓசையைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து காற்றோடு கலக்கக்கூடும் என்று ஒரு பெருநிறுவனம் உலகெங்கும் பல இலட்சம் கருவிகளைத் திரும்ப அழைத்தது. அன்று அலமாரியின் முன் முழங்காலிட்டு, எங்களுடையது அந்த வகையா என்று எண்ணைச் சரிபார்த்தோம். இல்லை.

கடந்த பொங்கல் விடுமுறையில், இரண்டு தெரு தள்ளி வாழும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டினார். அவரது மாஸ்கின் விளிம்பு கிழிந்துவிட்டது. தஞ்சாவூர்க் கடை திறக்க நான்கு நாளாகும். “கேக்கறதுக்கே கூச்சமா இருக்கு. வீட்ல அவ ராத்திரி பூரா உக்காந்திருக்கா” என்றார். நாங்கள் ஒரு கணம் பேசாமல் நின்றோம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உறை பிரிக்காத மாஸ்க் ஒன்றுதான் இருந்தது. பிறகு எடுத்துக் கொடுத்தோம். அவர் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்காவிட்டால் கொடுத்திருப்போமா என்று தெரியவில்லை. கேட்டவர் அவர், எங்கள் காதில் விழுந்தது உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளின் குரல்.

புது மாஸ்க் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது இரவும் எங்கள் கருவி குறையொன்றும் வைக்கவில்லை. இருந்தும் மற்றவர் இரவில் இரண்டு மூன்று முறை விழித்து, அந்த மெல்லிய காற்றோசை தொடர்கிறதா என்று கேட்டுவிட்டே படுத்தார்.

பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். மூச்சுக்கு எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு மாற்று இருந்தது. பக்கத்தில் படுத்துக்கொண்டு, இருட்டில் பத்து வரை எண்ணிக்கொண்டிருந்தது. அதற்கும் உறக்கம் வேண்டும் என்பது ஒரு வாய்க்காலில் விழுந்த பிறகே எங்களுக்கு உறைத்தது. இந்தப் பெட்டி முதன்மையாக அவருக்காகத்தான்.