புறவாசலில் ஒரு கும்பா

தம்பி மகன் பெங்களூரிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். கல்லிடைக்குறிச்சி வீட்டுப் புறவாசல் இனிமேல் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்தது. பிரம்பு சோபா, தொட்டிச்செடிகள், கம்பியில் கோத்த குட்டிக் குட்டி பல்புகள், ஒரு ஊஞ்சல். "அவுட்டோர் லிவிங் பெரியப்பா. லீவுக்கு வந்தா காத்தாட உக்காந்து பேசலாம்லா" என்றான். படத்தில் வெள்ளைக்காரன் ஒருத்தனும் ஒருத்தியும் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் கால் நீட்டியிருந்த இடத்தில்தான் ஆட்டுரல் கிடந்தது.

உங்களுக்கு அந்த இடம் தெரியும். தார்சா, பட்டாசாலை, இரண்டாங்கட்டு, அடுப்பங்கரை என்று ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போய், தலையைக் குனிந்து நிலையைத் தாண்டினால் தாழ்வாரம். பத்தடி அகலம் இருந்தாலே அதிகம். மூன்று கல்தூண்கள், மேலே பனங்கை. தூண்களில் எண்ணெய்த் தலைகள் சாய்ந்து சாய்ந்து, உட்கார்ந்த ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்பு. இறங்கினால் துவைகல், கிணறு, கழனித்தண்ணித் தொட்டி, அதற்கப்பால் தொழு. நீங்கள் முன்வாசல் வழியாக வந்ததே கிடையாது. சந்து வழியாக வந்து, முருங்கைமரத்தடியில் நின்று "ஆச்சி, அவன் எங்க?" என்று கத்துவீர்கள். ஆச்சி பதில் சொல்வதற்கு முன்னால் உங்கள் கையில் ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்துவிடுவாள்.

சிறுகிழங்கு உரித்தது ஞாபகம் இருக்கிறதா? பொங்கலுக்கு முந்தின நாள். கிழங்கைச் சாக்கில் போட்டு, தண்ணீர் தெளித்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு தரையில் வைத்து உருட்டுவோம். தோல் கழன்று, சாக்குக்குள்ளிருந்து மழை பெய்த வயல் மாதிரி ஒரு மணம் வரும். இரண்டு நாளைக்கு நகக்கண் கறுப்பாகவே இருக்கும். பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் அப்பள மாவு இடிக்கிற உலக்கைச் சத்தம். எங்கள் ஊர் அப்பளத்தை ஊரெல்லாம் தின்றிருக்கும். மாவோடு சேருகிற பிரண்டைச் சாறும் பெருங்காயமும் மதில் தாண்டி வருகிற அந்த வாசனை எங்களுக்கு மட்டும்தான். சனிக்கிழமையென்றால் அதன்மேல் வென்னீர் அடுப்புப் புகையும் சீயக்காயும் ஏறிக்கொள்ளும்.

முதலில் அந்தத் தாழ்வாரத்துக்கு நாட்டு ஓடுதான். வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னால் பிரித்து மாற்ற வேண்டும். பூனைகள் சண்டை போட்டால் அடுத்த மழைக்கு ஒழுகும். அதற்குப் பயந்து தாத்தா சீமை ஓடு போட்டார். ஓட்டின் அடியில் மங்களூர், 1865 என்று அச்சு இருக்கும். மல்லாந்து படுத்துக்கொண்டு அதையே பார்த்திருந்த நான், வீடே 1865-இல் கட்டியது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்திருக்கிறேன். பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம் அது என்று தெரிந்தபோது எனக்கு மீசை நரைத்திருந்தது.

ஆனால் புறவாசல் என்றதும் எனக்கு முதலில் நினைவு வருவது பாதாளக்கரண்டிதான். ஓட்டுச் சாய்ப்பின் கீழே ஆணியில் தொங்கும். ஒரு இரும்பு வளையம், அதைச் சுற்றிச் சங்கிலிகளில் கொத்துக் கொத்தாகக் கொக்கிகள். தெருவில் யார் வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்தாலும் இங்கேதான் வருவார்கள். கயிற்றில் கட்டி இறக்கி, அடிமண்ணைத் துழாவி, எதிலாவது மாட்டுகிற அந்த நேரம் பார்த்துக்கொண்டிருக்கிற யாரும் மூச்சு விடுவதில்லை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடுகிற மாசமென்றால் கிணறும் நிரம்பிக் கிடக்கும். வேலை லேசில் முடியாது. தேடிய வாளிக்குப் பதிலாக, என்றைக்கோ விழுந்த செம்பு பாசியோடு மேலே வரும். ஆச்சி பாதாளக்கரண்டியை யாருக்கும் சும்மா தரமாட்டாள். ஒரு பாத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டுதான் தருவாள். "சாங்கியமா ஆச்சி, சந்தேகமா?" என்று கேட்டேன். "ரெண்டுந்தாம்ல" என்றாள்.

எல்லாம் இனித்ததாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு விலக்கான பெண்கள் மூன்று நாள் அந்தத் தூணடியில்தான் இருந்தார்கள். அத்தை மழைச்சாரலில் பாயைச் சுருட்டிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்குவது இப்போதும் கண்ணில் இருக்கிறது. வயலில் வேலை செய்தவர்கள் கூலியும் கஞ்சியும் வாங்கப் புறவாசலுக்குத்தான் வரவேண்டும். படி ஏறமாட்டார்கள், ஏறவிடமாட்டோம். எடுப்புக் கக்கூஸுக்காகத்தான் அந்தச் சந்தே போட்டது. விடியுமுன் வாளியும் தகரமுமாக வந்த அம்மாளின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. மனிதர் மலம் அள்ளுவதைத் தடுக்கச் சட்டம் வந்ததே 1993-இல். ஊஞ்சலைப் பார்த்து முகம் சுளித்தேனே தவிர, இதையெல்லாம் இடித்துத் தள்ளினால் எனக்கு வருத்தம் இல்லை.

வேலை தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர் எல்லாவற்றுக்கும் "பண்ணிரலாம் சார்" என்றார். சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்துப் பூசிய பின்சுவரில் சிமெண்டை அப்பினார். கூடவந்த வயசான கொத்தனார், "செவுரு மூச்சு விடாது, ஓதம் கட்டிப் பொருக்கு பொருக்கா உதிரும்" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அடுத்த ஐப்பசி மழைக்கே உதிர்ந்தது. ஓட்டைப் பிரித்துவிட்டு பாலிகார்பனேட் தகடு. செங்கல் தளத்தைப் பெயர்த்துவிட்டு வழவழவென்று டைல்ஸ். ரசமட்டம் வைத்துப் பார்த்து, சொட்டு ஏற்றத்தாழ்வு இல்லை என்று காட்டினார். அந்தக் காலத்தில் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்து, அது தானாக அங்கணத்துக்கு ஓடுகிறதா என்று பார்ப்பார்கள், அதுதான் வாட்டம். இங்கே முதல் சாரலிலேயே தண்ணீர் சோபாவின் காலடியில் நின்றது. மறுபடி உடைத்து, மறுபடி போட்டார்கள்.

இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு, அதன்மேல் மணிபிளான்ட் தொட்டி. ஆட்டுரல் தலைகீழாகக் கவிழ்ந்து டீப்பாய் ஆகிவிட்டது. பையன் லீவுக்கு இரண்டு தடவை வந்தான். கொசு என்று ஏசி அறைக்குள் போய்விட்டான். சாயங்காலம் நான்தான் பல்பைப் போட்டுக்கொண்டு ஊஞ்சலில் உட்காருகிறேன். மழை வந்தால் தகடு பறை அடிக்கிற மாதிரி அடிக்கிறது, போனில் யார் பேசினாலும் கேட்காது. கை தானாகத் தூணைத் தேடும். தூணுக்குப் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

இடிக்கும்போது பரணிலிருந்து ஒரு வெண்கலக் கும்பா வந்தது. எங்கள் வீட்டுப் பாத்திரம் இல்லை. விளிம்பில் வேறு யாரோ பேரின் முதல் எழுத்துகள் வெட்டியிருக்கின்றன. ஆணி இருந்த இடத்தில் பாதாளக்கரண்டி இல்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டேன். புளிபோட்டுத் தேய்த்துக் கும்பாவை நிலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கரண்டி உங்கள் வீட்டில்தான் இருக்கிறதென்றால், கொண்டுவந்து கொடுத்துவிட்டு எடுத்துப் போங்கள். சந்துக் கதவை நான் பூட்டுவதில்லை.