மூக்கால் பார்க்கும் வேலை

பிப்ரவரி மாதம், விடிகாலை நாலரை மணி. வெளியே மைனஸ் 24 டிகிரி. கொட்டகைக் கதவைத் தள்ளி உள்ளே போனதும் கண்ணாடியில் ஆவி படர்ந்து எதுவும் தெரியவில்லை. அதற்குள் வாசனை வந்துவிட்டது. மாட்டுச் சூடு, சாணம், பால், எல்லாவற்றுக்கும் மேலாக லேசான புளிப்பும் இனிப்பும் கலந்த ஒரு மணம். நீராகாரப் பானையைத் திறந்ததும் வருமே, அதற்குப் பக்கத்துச் சொந்தம்.

"இரண்டாம் அறுப்பு," என்றார் பண்ணைக்காரர், நான் கேட்காமலே. "நல்ல உருளை."

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குத் தெற்கே உள்ள சமவெளியில் இருக்கிறது அந்தப் பண்ணை. 42 கறவைகள், எல்லாமே கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன். நடுவில் தீவனப் பாதை. அதன் இரண்டு பக்கமும் மாடுகள் முகத்துக்கு முகம் பார்த்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி இடம், கழுத்தில் பட்டை, பட்டையில் சங்கிலி. இரண்டு மாட்டுக்கு ஒரு தண்ணீர்க் கிண்ணம். மூக்கால் அழுத்தினால் தண்ணீர் வரும். பின்னால் சாணக் கால்வாய். குளிர்காலம் முழுக்கத் தின்பது, படுப்பது, கறப்பது எல்லாம் அதே இடத்தில்தான். கியூபெக்கின் பழைய குடும்பப் பண்ணைகள் பலவும் இப்படிப்பட்டவையே.

மான்ட்ரியலில் பல வருடம் இருந்துவிட்டேன்; நான் கால் வைத்த முதல் தொழுவம் கொங்கு நாட்டில் அம்மாயி வீட்டுக் கட்டுத்தரை. அங்கே நாலு உருப்படி, ஒரு சோளத்தட்டுப் போர். போரிலிருந்து தட்டு உருவும்போது அம்மாயி ஒவ்வொரு பிடியையும் முகர்ந்து பார்ப்பார். பூசணம் பிடித்திருந்தால் தனியே எறிவார். மூன்று நாள் தங்கி வேலை பார்க்க அனுமதி கேட்டு இந்தப் பண்ணைக்கு நான் வந்ததற்கு அந்த முகர்தல்தான் காரணம்.

அவர் சொன்ன புல் உருளைகள் கொட்டகைக்குப் பின்னால், பனிக்குள் நீண்ட வரிசையாகக் கிடக்கின்றன. வெள்ளை பிளாஸ்டிக் சுற்றியவை. நாலடி அகலம், நாலடி உயரம், ஒன்று 400 கிலோவுக்குக் குறையாது. மேலே வண்ணத் தெளிப்பானால் எழுதிய எண்கள்: எந்த வயல், எத்தனையாவது அறுப்பு. வைக்கோல்போல முழுக்கக் காய வைத்துக் கட்ட இங்கே மூன்று நாலு நாள் மழையில்லாத வெயில் வேண்டும். ஜூன் மாதத்து வானம் அதைக் கொடுப்பது அபூர்வம். அதனால் திமோத்திப் புல்லையும் குதிரைமசாலையும் அறுத்துப் பாதி ஈரம் வடிந்ததும் உருட்டி, ஒரு நாளுக்குள் பிளாஸ்டிக்கை ஆறு அடுக்குக்குக் குறையாமல் இறுகச் சுற்றிவிடுகிறார்கள். உள்ளே காற்று தீர்ந்துபோகும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் புல்லின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக்கும். புளித்த புல் கெடாது. நம் ஊர்க் கால்நடைத் துறையினர் 'ஊறுகாய்ப் புல்' என்று சொல்வது இந்த முறையைத்தான். இதில் இன்னொரு லாபமும் உண்டு. குதிரைமசாலின் சத்தில் பெரும்பகுதி இலையில். முழுக்கக் காய்ந்த இலை கைபட்டாலே உதிரும். ஈரத்தோடு உருட்டினால் தண்டோடு ஒட்டிக்கொண்டு வந்துசேரும்.

தீவனம் போடுகிறவர் குவாத்தமாலாவிலிருந்து வந்த இளைஞர். இது அவருக்கு ஐந்தாவது குளிர்காலம். பண்ணைக்காரரை 'பத்ரோன்' என்று கூப்பிடுகிறார். முதலாளி என்று பொருள். கத்தியால் பிளாஸ்டிக்கைக் கிழிப்பது சுலபம். அதற்கடியில் உருளையைச் சுற்றியிருக்கும் வலையை உரிப்பதுதான் பாடு. உறைபனியில் வலை புல்லோடு பனிக்கட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு முழத் துண்டு விட்டுப்போனாலும் மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும். அது செரிக்காது, வெளியேயும் வராது, சேர்ந்துகொண்டே போகும். அதனால் முந்தின மாலையே உருளையை உள்ளே கொண்டுவந்து இளக விடுகிறார்கள். காலையில் அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் தடவித் தடவி வலையின் கடைசி இழைவரை எடுத்தார். சுருட்டிய வலையை எண்ணிப் பார்ப்பதுபோல ஒருமுறை விரித்துப் பார்த்த பிறகுதான் குப்பையில் போட்டார்.

பிறகு உருளையைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பாதையின் நடுவே கொண்டுபோகிறார். சுருட்டிய பாயை விரிப்பதுபோல் அடுக்கடுக்காகப் பிரிந்து வருகிறது புல். முள்கரண்டியால் ஒரு அடுக்கைப் பிடித்து, உதறி, இடதும் வலதுமாக மாடுகளின் முன்னே இடுகிறார். உதறுவதில்தான் சூட்சுமம். கட்டியாக இட்டால் மாடு மூக்கால் குடைந்து இலையை மட்டும் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கும். நீளப் புல்லை வாயில் கவ்வி முதுகின்மேல் வீசும். வீசியது படுக்கையில் விழுந்தால் மிதிபட்டு வீண். நான் உதறியதற்கும் அவர் உதறியதற்கும் உள்ள வித்தியாசத்தை மாடுகள் பத்து நிமிஷத்தில் காட்டிவிட்டன. அவர் என் பக்கத்துக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் மறுபடி கலைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் பிரித்த உருளையில், மூன்றாவது அடுக்கிலேயே அவர் கை நின்றது. முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். எனக்கு அது புளித்த வாசனையாகத்தான் பட்டது. "இல்லை, இன்னும் பக்கத்தில்," என்றார். புளிப்புக்கு அடியில், நனைந்து மக்கிய சாக்கின் வாடை. பிளாஸ்டிக்கைத் தேடிப் பார்த்தோம். சுண்டுவிரல் நுழையாத ஓர் எலி ஓட்டை. அந்த ஓட்டை வழியாகக் காற்று போய், ஒரு முழம் ஆழத்துக்குச் சாம்பல் வெள்ளையாகப் பூசணம். பூசணத்தை மட்டும் வெட்டி எறிந்தால் போதாதா என்று கேட்டேன். பத்ரோன் இல்லை என்று தலையசைத்தார். கெட்ட ஊறுகாய்ப் புல்லில் லிஸ்டீரியா வளரும். அது மாட்டின் மூளையைத் தாக்கும், சினையைக் கலைக்கும். செத்த எலி உள்ளே கிடந்தால் போட்டுலிசம் என்னும் நோயைத் தரும் நச்சும் சேரலாம். அது வந்தால் கொட்டகையே காலியாகும். உருளை முழுவதும் சாணக் குவியலுக்குப் போனது. வேறொன்று பிரிபடும்வரை மாடுகள் சங்கிலியை இழுத்துக்கொண்டு கத்தின.

"மேய்ச்சலில் இருக்கிற மாடு பிடிக்காததை விட்டுவிட்டு நகர்ந்துபோகும்," என்றார் பத்ரோன். "இவளுக்கு எதிரில் நாம் போட்டதுதான் உலகம். பசித்தால் இதையும் தின்பாள்."

கட்டிப்போட்ட மாட்டுக்குக் காலும் மூக்கும் தீவனக்காரர்தான் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அந்த இளைஞர் செய்த ஒவ்வொன்றும் வேறு மாதிரித் தெரிந்தது. காலையில் அடர்தீவனத்துக்கு முன்னால் ஏன் புல்லை இடுகிறார்? நார்ப்புல்லை மென்றால் உமிழ்நீர் சுரக்கும். பெரிய மாட்டுக்கு நாளுக்கு 100 லிட்டருக்கும் மேல். அந்த உமிழ்நீரில் உள்ள சோடா உப்பு வயிற்றின் அமிலத்தைத் தணிக்கும். வெறும் வயிற்றில் மாவுத் தீவனம் விழுந்தால் அமிலம் கூடி, பாலில் கொழுப்புக் குறையும், குளம்பு நோகும். கறவை வற்றிய சினை மாடுகளுக்கு ஏன் தண்டு முற்றிய முதல் அறுப்புப் புல்? பொட்டாசியம் மிகுந்த இளம்புல் அவற்றுக்குக் கன்று போடும் வேளையில் பால் காய்ச்சலைக் கொண்டுவரும். அதனால்தான் உருளைமேல் அந்த எண்கள்.

போட்டதோடு வேலை முடிவதில்லை. மாட்டின் இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இருக்கும் குழியைப் பார்க்கிறார். குழி ஆழமாக இருந்தால் அது சரியாகத் தின்னவில்லை. பின்னால் போய்ச் சாணத்தைப் பார்க்கிறார். மூன்றாம் அறுப்பின் இளம்புல் கூடினால் சாணம் கழிந்துபோகும், அடுத்த நாள் கொஞ்சம் முற்றிய புல்லைக் கலப்பார். இதையெல்லாம் அவர் எங்கும் எழுதி வைப்பதில்லை. சம்பளச் சீட்டில் அவர் வேலைக்குப் பெயர் 'பண்ணைத் தொழிலாளி' என்பது மட்டுமே. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்தக் கொட்டகைகளின் காலம் மாறிக்கொண்டிருக்கிறது. கறவை மாடுகளைப் பராமரிப்பதற்காகக் கனடாவில் 2023இல் வெளியான நெறிமுறை, 2027 ஏப்ரல் முதல் மாட்டை ஒரு கன்று ஈன்றதிலிருந்து அடுத்த கன்று ஈனும்வரை தொடர்ந்து கட்டியே வைக்கக் கூடாது என்கிறது. அவிழ்த்து நடமாட விட வேண்டும். பத்ரோன் வேலியிட்ட முற்றம் ஒன்றுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். செலவு அவரை உறங்க விடவில்லை. ஆனாலும் மாடு நடக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. வசந்தத்தில் முதல் நாள் அவிழ்த்துவிட்டால் கிழட்டு மாடுகூடத் துள்ளிக் குதிக்கும் என்று அவரே சொன்னார், சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது.

கடைசி இரவு ஒன்பது மணிக்குத் தீவனத்தைத் தள்ளிவிடும் சுற்று. மாடு தின்னத் தின்னப் புல் எட்டாத தூரத்துக்கு நகர்ந்துவிடும். அதை மறுபடி வாய்க்கருகே தள்ள வேண்டும். பாதையின் கோடியில் ஒரு மாடு, கன்று போட்டு ஆறு நாள், முன்னால் கிடந்த புல்லைத் தொடவே இல்லை. இளைஞர் அதன் காதைப் பிடித்துப் பார்த்தார், சில்லென்று இல்லை. நாளைக்காக இளகிக்கொண்டிருந்த உருளையைக் கொஞ்சம் கிழித்து, நடுவிலிருந்து ஒரு பிடி உருவி, தான் முகர்ந்துவிட்டு அதன் மூக்குக்கு நேரே நீட்டினார். மாடு நாக்கை நீட்டிச் சுருட்டி வாங்கிக்கொண்டது. இன்னொரு பிடி. அப்புறம் ஒரு கை நிறைய.

விளக்கை அணைக்காமல் நின்றோம். படுத்திருந்த மாடுகளில் எத்தனை அசைபோடுகின்றன என்று அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.