நாற்றத்தைத் தின்னும் மண்

குற்றாலக் காற்று என்றாலே எல்லோரும் மரத்தைத்தான் புகழ்வார்கள். சாரல், மூலிகை வாசம், மரம்... சரிதான். ஆனால் நான் எழுத வந்தது அந்த மரத்தின் காலடியில் மக்கிக் கிடக்கிற இலையையும் மண்ணையும் பற்றி. காற்றைச் சுத்தம் செய்வதில் அதற்கும் பங்கு உண்டு, யாரும் கண்டுகொள்வதில்லை!

ஈர மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்களில் சில மீத்தேனைத் தின்னும், சில கார்பன் மோனாக்சைடை, சில அழுகிய முட்டை போல நாறும் ஹைட்ரஜன் சல்பைடை. நமக்கு நாற்றம், அவற்றுக்குச் சாப்பாடு :-)

இதை வைத்து மனிதன் செய்த கருவிதான் பயோஃபில்டர். கழிவுநீர் நாற்றத்தை மண் வழியாகச் செலுத்திப் போக்கும் முறைக்கு அமெரிக்காவில் ரிச்சர்ட் பொமராய் என்பவர் 1957-ல் காப்புரிமை வாங்கினார்.

அமைப்பு ரொம்ப எளிது. சுமார் 1 மீட்டர் உயரத்துக்கு மக்கிய உரம், மரச்சில்லு, தேங்காய் நார்க்கழிவு. அடியில் துளை போட்ட குழாய். நாற்றக் காற்றை அடியிலிருந்து தள்ளினால் 30 முதல் 60 விநாடியில் மேலே வந்துவிடும். அந்த நேரத்தில் பாக்டீரியா வேலையை முடித்துவிடும். ஒரே நிபந்தனை, படுக்கை காயக்கூடாது. பாதி எடை ஈரமாக இருக்க வேண்டும். தென்காசியில் ஆனி, ஆடியில் சாரலே பார்த்துக்கொள்ளும். சித்திரையில் நாம்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

இதில் எனக்கென்ன அக்கறை என்று கேட்கிறீர்களா? எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு அரிசி ஆலை. புழுங்கலுக்கு ஊறப்போட்ட நெல் தண்ணீர் புளித்தால் வரும் வாடையில் சோறு இறங்காது. மூடச் சொல்லி ஒரு கூட்டம், "எங்க பொழப்பு அதுலதான்" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேரும் எங்கள் தெருதான், இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான்.

தொட்டியை மூடி, தண்ணீரை அடிக்கடி மாற்றி, மிஞ்சும் வாடையை மட்டும் ஒரு நார்க்கழிவுப் படுக்கைக்குள் விட்டால் இரண்டு பேருமே நிம்மதியாக இருக்கலாமே! தென்னைக்கா நம் பக்கம் பஞ்சம்? செலவே இல்லை என்று சொல்லமாட்டேன். காற்றைத் தள்ளக் கரண்ட் வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை படுக்கையை மாற்ற வேண்டும்.

எல்லாப் புகைக்கும் இது மருந்தில்லை. செங்கல் சூளைப் புகையை அப்படியே விட்டால் சூட்டிலேயே பாக்டீரியா செத்துவிடும். 40 டிகிரிக்குள் இருக்கிற, நுண்ணுயிர் தின்னக்கூடிய வாயுக்களுக்குத்தான் இது சரி.

அதேபோல, வீட்டில் நாலு தொட்டிச் செடி வைத்தால் காற்று சுத்தமாகிவிடும் என்பதையும் நம்பாதீர்கள். 1989-ல் வந்த நாசா ஆய்வைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்தது. அதிலேயே வேர் மண்ணிலுள்ள நுண்ணுயிருக்கு முக்கியப் பங்கு என்று சொல்லியிருக்கிறார்கள். பழைய ஆய்வுகளை 2019-ல் டிரெக்செல் பல்கலைக்கழகத்தார் அலசியபோது, ஜன்னல் வழியாக வந்துபோகும் காற்றுக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று கணக்கு வந்தது. ஜன்னலைத் திறந்து வைப்பது லாபம்!

அடுத்த சீசனுக்குக் குற்றாலம் வந்தால் அருவியைப் பார்த்த கையோடு கீழே கிடக்கிற மக்கிய இலையையும் ஒரு கைப்பிடி எடுத்து மோந்து பாருங்கள். அழுகல் நாற்றமா வருகிறது? மண்வாசம்தானே!