இடைவேளைப் பதினைந்து நிமிடங்கள்

சித்திரையில் அழகர் தல்லாகுளம் வந்து சேரும் இரவில் எங்கள் தெருவில் எவரும் உறங்குவதில்லை. ஆண்டாள் மாலை வந்துவிட்டதா, குதிரை வாகனம் எப்போது புறப்படும் என்பதே பேச்சாக இருக்கும். சிறு வயதில் அப்பாவின் தோளில் அமர்ந்து பார்த்தபோது, தண்டுக்கு அடியில் வியர்வை வழிய நகர்ந்த சீர்பாதம் தாங்கிகளின் கால்களை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. சாமி தானாகவே ஆடி அசைந்து வருகிறார் என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். கால்பந்து ரசிகர்களில் பெரும்பாலோர் (என்னையும் சேர்த்துத்தான்) இன்னும் அந்த வயதைத் தாண்டவில்லை என்று தோன்றுகிறது.

அக்பர் நவாஸ் என்ற பெயர் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? சிங்கப்பூர்க்காரர். 2018-19 ஐ-லீக் பருவத்தில் சென்னை சிட்டி எஃப்.சி.யின் பயிற்சியாளர். பெயரில்தான் சென்னை, கழகம் சொந்த மைதானமாகக் கொண்டிருந்தது கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்தை. முந்தைய பருவத்தில் பத்து அணிகளில் எட்டாவது இடம் பெற்ற கழகம் அது. நவாஸின் கீழ் 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் எடுத்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, ஐ-லீகை வென்ற முதல் தமிழ்நாட்டுக் கழகம் ஆனது.

அந்தப் பருவத்தில் எதிர் முகாம்களில் இருந்தவர்களையும் பார்க்க வேண்டும். ஈஸ்ட் பெங்காலின் அலெஹாந்த்ரோ மெனெந்தெஸ், ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியைப் பயிற்றுவித்தவர் என்ற விருதோடு வந்தவர். ரியல் காஷ்மீரின் ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ராபர்ட்சனைப் பற்றி பி.பி.சி. ஆவணப்படமே எடுத்தது. 2015இல் சென்னையின் எஃப்.சி.க்கு ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கித் தந்த மாத்தராஸியை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோப்பைக்காக அல்ல, 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கியதற்காக. நவாஸிடம் இப்படிச் சொல்லத்தக்க கதை எதுவும் இல்லை. மெனெந்தெஸின் அணியை அந்தப் பருவத்தில் இரண்டு முறையும் 2-1 என்று தோற்கடித்தார் என்பதைத் தவிர.

பட்டம் கடைசி நாள்வரை இழுத்துக்கொண்டு போயிற்று. 2019 மார்ச் 9. கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபுடன் ஆட்டம். எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் அக்காள் மகனும் தொலைக்காட்சிமுன் உட்கார்ந்திருந்தோம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரையில் அதே நிலை. மருமகன் எழுந்து போய்விட்டான். இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்ட்டியில் சமன் செய்தார். பிறகு பின்கள வீரரான இளைஞர் கௌரவ் போரா இரண்டு கோல்கள். 3-1. “மான்சிதான் மாமா எல்லாம்” என்றான் மருமகன், திரும்பி வந்து. ஆமாம் என்றேன். பயிற்சியாளரைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மான்சிதான் எல்லாம் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அந்தப் பருவத்தில் அவர் அடித்தவை 21 கோல்கள். 2020 ஜனவரியில் அவர் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போய்விட்டார். அந்த உயரத்தைக் கழகம் மறுபடி தொடவே இல்லை. 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீகிலேயே அது இல்லை. ஆகவே நவாஸுக்கு என்ன பங்கு என்று கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மான்சி ஸ்பெயினின் கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்தவர். அவரைச் சுற்றி ஆடிய எட்வின் சிட்னி வான்ஸ்பாலும் அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜும் நம் ஊர்ப் பிள்ளைகள், பின்னர் ஐ.எஸ்.எல். கழகங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டன. எட்டாம் இடத்துக் கழகம் ஒன்று பந்தைத் தரையிலேயே வைத்து, கீழிருந்து கட்டி, பின்தங்கிய நேரத்திலும் பதற்றத்தில் தூக்கி அடிக்காமல் ஆடியது. அதை யாரோ ஒருவர் நாள்தோறும் காலையில் நின்று பழக்கியிருக்க வேண்டும் அல்லவா? வென்றால் அது ஆட்டக்காரனின் பிறவிக்குணம் என்கிறோம். தோற்றால் மட்டும் பயிற்சியாளரின் பெயர் உடனே நினைவுக்கு வந்துவிடுகிறது.

1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 2-1 என வென்றது. தலையில் காயத்துக்குத் தையல் போட்டிருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை முன்களத்தில் நிறுத்தினார் பயிற்சியாளர் எஸ். ஏ. ரஹீம். கோல் விழுந்தது. அடுத்த ஆண்டே ரஹீமைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. 2024இல் ‘மைதான்’ என்ற இந்திப் படம் வந்த பிறகே பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டார்கள். அவர் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

எனக்கும் அப்படி ஓர் ஆசிரியர் இருந்தார். எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்த ஒரு மண்டலப் போட்டியில், முன்களத்தில் ஆடிவந்த என்னை இடைவேளையில் பின்களத்துக்கு அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. நாங்கள் வென்றோம். கோல் அடித்தவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நான் மாஸ்டரிடம் முகம்கொடுத்துப் பேசாமல் வீடு திரும்பினேன். அந்த ஆண்டு முழுவதும் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தேன். என் இடத்திலிருந்துதான் அன்று இரண்டாம் கோலைத் தடுத்தோம் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

கோயம்புத்தூர் ஆட்டம் முடிந்த மறுவாரம் நரிமேட்டில் அவரைப் போய்ப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியிருந்தார். அந்தப் பழைய ஆட்டத்தைப் பற்றி மன்னிப்புப்போல் ஏதோ சொல்லத் தொடங்கினேன். “அதெல்லாம் இப்ப எதுக்குப்பா” என்று கையை அசைத்து விட்டுவிட்டார். உடனே பேச்சைச் சென்னை சிட்டிக்கு மாற்றினேன். மான்சியின் பெனால்ட்டி, போராவின் இரண்டு கோல்கள், மைதானத்தின் ஆரவாரம் எல்லாவற்றையும் விவரித்தேன். நவாஸின் பெயரையும் பெருமையாகச் சொன்னேன். மாஸ்டர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இடைவேளைக்கு அப்புறம் அந்தப் பயிற்சியாளர் யாரை எங்க மாத்தி நிறுத்துனாரு?” என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை.