மதகுப் பலகை

அம்மாவின் இடது புறங்கையில் ஊசி ஏறியிருந்த இடம் சிவந்து தடித்திருந்தது. பொட்டாசியம் கலந்த சொட்டு மருந்து ரத்தக்குழாயை எரிக்கும் என்பதை அந்த வாரத்தில்தான் அறிந்தேன். "மிளகா அரைச்ச கை மாதிரி எரியுதுடா" என்றாள். வேகத்தைக் குறைக்க முடியுமா என்று செவிலியரிடம் கேட்டேன். மணிக்கு 10 மில்லிமோல்தான் போகிறது, இன்னும் குறைத்தால் எப்போது ஏறி முடிப்பது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

கால்கள் துவண்டு, நெஞ்சு தாறுமாறாகத் துடிக்கிறது என்று சேர்த்த அன்று ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 2.7 மில்லிமோல். 3.5க்குக் கீழே இறங்கக்கூடாதாம். பகலெல்லாம் ஏற்றினார்கள், மறுநாள் 2.9. மறுபடியும் ஏற்றினார்கள், மூன்றாம் நாள் மீண்டும் 2.7. பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி இளநீர் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். எண் அசையவில்லை. நோயாளியின் அருகில் அமர்ந்திருப்பவனுக்கு அந்தத் தாள்களே ஜாதகமாகிவிடுகின்றன.

மூன்றாம் இரவு பணிக்கு வந்த இளம் மருத்துவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "மக்னீசியம் பார்க்கலையா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் எல்லாம் ஒரே சீட்டில் வந்துவிடும். மக்னீசியத்தைத் தனியாக எழுதிக் கேட்டால்தான் பார்ப்பார்கள். விடியலில் முடிவு வந்தது: டெசிலிட்டருக்கு 0.9 மில்லிகிராம். 1.7ஆவது இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். சிறுநீரக நுண்குழல்களின் கடைப்பகுதியில், உயிரணுக்களின் சுவரில், பொட்டாசியம் சிறுநீருக்குள் வெளியேறுவதற்கான வாயில்கள் உண்டு. உயிரணுவுக்குள் இருக்கும் மக்னீசியம் அந்த வாயிலை உட்புறமிருந்து அடைத்துப் போக்கை மட்டுப்படுத்துகிறது. ஏரி மதகில் செருகிய பலகையைப் போல. பலகை போய்விட்டால் மேலிருந்து எவ்வளவு ஊற்றினாலும் கீழே ஓடிவிடும். ஆனால் பலகை இல்லாதது மட்டும் போதாது, வரத்தும் வேண்டும். கால் வீக்கத்துக்காக அம்மா சாப்பிட்டுவந்த நீர் மாத்திரை சோடியத்தைக் கடைப்பகுதிவரை தள்ளிக்கொண்டுவந்து அந்த வரத்தைக் கொடுத்தது. மக்னீசியத்தைச் சிறுநீரில் இழக்கச் செய்ததிலும் அதற்குப் பங்குண்டு.

லண்டனில் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைப் பாய்ச்சிப் பொட்டாசியத்தைப் பிரித்தெடுத்தது 1807இல். மறுவருடமே மக்னீசியத்தையும் பிரித்தார். ஒரே மனிதரின் மேசையில் அடுத்தடுத்துப் பிறந்த இவ்விரண்டுக்கும் உடலுக்குள் இப்படியொரு பிணைப்பு இருப்பதன் காரணத்தை ஹுவாங், குவோ என்னும் இரு ஆய்வாளர்கள் 2007இல் விளக்கி எழுதினார்கள். சரியாக இருநூறு வருடங்கள். மக்னீசியம் குறைந்தால் பொட்டாசியம் ஏறாது என்பதை மருத்துவர்கள் அதற்கு முன்பே படுக்கையருகில் கண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி என் பங்கு. வயிற்று எரிச்சலுக்கென்று ஒரு மாதத்துக்கு எழுதித் தந்த அமில மாத்திரையை நான்கு வருடங்களாகக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். சீட்டைக் கடைக்காரர் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. அவ்வகை மாத்திரைகளை ஓராண்டுக்கு மேல் உட்கொண்டால் மக்னீசியம் குறையக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2011லேயே எச்சரித்திருக்கிறது. "எந்த மாத்திரையால் டாக்டர்?" என்று கேட்டேன். "ரெண்டும் சேர்ந்துதான் இருக்கும் சார், இப்ப அது முக்கியமில்லை" என்றார். அவருக்கு முக்கியமில்லை.

மக்னீசியம் சல்பேட் 2 கிராம், மெதுவாக. உடம்பெல்லாம் கதகதவென்று இருப்பதாகச் சொன்ன அம்மா அப்படியே தூங்கிப்போனாள். அதே பொட்டாசியம், அதே வேகம். மறுநாள் மாலை 3.4. அதற்கடுத்த நாள் 3.8. ஏற்றிய மக்னீசியத்தில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடுமாம், அதனால் சில வாரங்களுக்கு மாத்திரையாகவும் எழுதித் தந்தார்கள். ரத்தத்தில் இருப்பது உடலின் மொத்த மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதால், எண் சரியானதும் நிறுத்திவிட வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று பழைய மருந்துப் பெட்டியைக் கவிழ்த்தேன். அமில மாத்திரை ஒன்றரை அட்டை மீதமிருந்தது. அம்மா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "பிரிக்காத அட்டையை மட்டுமாவது கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவானா, கேட்டுப் பாரேன்" என்றாள்.