புதர்

“இது காடா பெரியப்பா? வெறும் புதராத்தானே இருக்கு?”

கிண்டி சிறுவர் பூங்காவின் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு தம்பி மகள் கேட்டாள். அம்பத்தூரிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போயிருந்தோம். வேலிக்கு அப்பால் என் தோள் உயரத்துக்குச் செடிகள், நடுநடுவே சில பனை, வேம்பு. புள்ளிமான் ஒன்று தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான் காடு. திரும்பி வரும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்குத்தான் அந்தச் சொல் இறங்கவே இல்லை.

புதர் என்பது நம் பக்கத்தில் புகார்ச் சொல். “புதர் மண்டிக் கிடக்கிறது” என்று செய்தித்தாளில் வந்தால், வெட்டச் சொல்லி அடுத்த வரி வரும். காலி மனைக்குப் பக்கத்தில் குடியிருப்பவரின் பாம்புப் பயம் பொய்யில்லை. சீமைக் கருவேலம் வேறு வந்து அந்தச் சொல்லின் பெயரை இன்னும் கெடுத்துவிட்டது. ஆனால் கிண்டியில் இருப்பது வேறு சங்கதி. வங்கக் கடலோரத்துக்கே உரிய, வறட்சியிலும் இலை உதிர்க்காத குட்டைக் காடு அது. வருஷத்தில் சில மாதம் மழை, மற்றபடி வெயிலும் கடல்காற்றும். அதற்கு ஈடுகொடுக்க இலை சிறுத்துத் தடித்திருக்க வேண்டும், உயரத்துக்கு ஆசைப்படக் கூடாது. களா, காரை, சூரை என்று அங்கே 350 வகைக்கு மேல் தாவரங்கள் உண்டு. முதிர்ந்தாலும் அந்தக் காடு குள்ளம்தான்.

களாவை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அயப்பாக்கம் பக்கம் அப்போது வீடுகள் குறைவு. ஆடிக் காற்றில் பையன்களாகச் சேர்ந்து களாப்பழம் பறிக்கப் போவோம். முள் இரண்டிரண்டாக நிற்கும். அதற்குத் தப்பித்துக் கையை உள்ளே விட வேண்டும். பழம் கறுத்துச் சின்னதாக இருக்கும். காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் கசிந்து விரல்கள் ஒட்டிக்கொள்ளும், தின்றால் உதடும் ஒட்டும். பூ வெள்ளை. வாசனை மல்லிகைக்கு அக்கா தங்கை என்று சொல்லலாம். அந்தப் புதர்கள் நின்ற இடத்தில் இப்போது நாலு மாடிக் குடியிருப்பு.

கிண்டியும் தப்பித்துவிடவில்லை. 1910-இல் காப்புக்காடாக அறிவித்தபோது ஏறத்தாழ 500 ஹெக்டேர் இருந்தது. அதிலிருந்து ஐ.ஐ.டி.க்குக் கொடுத்தார்கள், தலைவர்களின் நினைவிடங்களுக்குக் கொடுத்தார்கள். 1978-இல் தேசியப் பூங்கா என்று பெயர் சூட்டும்போது மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். ஆனாலும் மிஞ்சியது. புள்ளிமான் ஒதுங்கப் புதரும், வெளிமான் மேயத் திறந்த புல்வெளியும் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன.

சென்னையின் மேற்கில் எங்கள் பக்கம் மிஞ்சியது பெயர்கள் மட்டும். திருவேற்காடு, வேல மரக் காடு. மாங்காட்டுக்கும் பூவிருந்தவல்லிக்கும் விளக்கமே வேண்டாம். அம்பத்தூரில் ரயிலேறி ஆவடிக்குப் போகும் வழியில் திருமுல்லைவாயல்.

அந்த ஊரின் கதையே ஒரு புதரை வெட்டிய கதைதான். குறும்பர்களோடு போரிட்டுத் தோற்றுத் திரும்பும் தொண்டைமானின் யானை முல்லைப் புதரில் கால் சிக்கி நிற்கிறது. மன்னன் வாளை உருவிக் கொடியை வெட்டுகிறான். வெட்டிய இடத்தில் ரத்தம். பதறி இறங்கிக் கொடிகளை விலக்கினால் உள்ளே லிங்கம், தலையில் வாள் பட்ட காயம். தன் கழுத்தையே அறுத்துக்கொள்ளப் போனவனை இறைவன் தடுத்து, வெட்டுப்பட்டும் தான் மாசிலாமணியே என்று தேற்றி, நந்தியையும் துணைக்கு அனுப்புகிறார். அதனால்தான் இங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல் கிழக்கே வெளிப்புறம் பார்த்திருக்கிறது என்பார்கள். தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி கட்டியதைச் சுந்தரர் இத்தலத்துத் தேவாரத்திலேயே பாடியிருக்கிறார். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பே ஊரறிந்த கதை.

போன மாதம் அந்தக் கோயிலுக்குப் போய் வெகுநேரம் நின்றிருந்தேன். கருவறைக்கு முன்னால் இரண்டு பக்கமும் வெள்ளெருக்குத் தூண்கள். குறும்பர் கோட்டையிலிருந்து மன்னன் கொண்டுவந்தவை என்பது தலவரலாறு. எருக்கு என்றால் குப்பைமேட்டில் இடுப்பளவு நிற்கும் செடி என்றுதான் நமக்கு நினைப்பு. இங்கே அதுவே தூணாகச் சுவாமிக்குக் காவல் நிற்கிறது. உள்ளே லிங்கத்தின் மேல் சந்தனக் காப்பு. வாள் பட்ட காயம் ஆறுவதற்காக வருஷம் முழுக்கச் சாத்தியிருப்பார்கள். சித்திரை மாதச் சதயத்தன்றுதான் களைந்து புதிதாகச் சாத்துவார்கள். தெரியாமல் ஒரு புதரை வெட்டியதற்கு இன்னும் மருந்து பூசிக்கொண்டிருக்கும் ஊர் இது. அங்கிருந்து நாலு தெரு தள்ளிக் காலி மனையில் பொக்லைன் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று விலக்கிப் பார்த்தவர் யாருமில்லை.

ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியைப் பூங்காவாக்கி நடைபாதை போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். மாலையில் நானும் அங்கே நடக்கிறேன். இனி எங்கள் பக்கம் எந்த ஏரிக்கரையில் பூங்கா அமைத்தாலும், நடைபாதைக்கும் ஊஞ்சலுக்கும் போக ஒரு மூலையைக் களாவுக்கும் காரைக்கும் விட்டுவையுங்கள். ‘இங்கே வெட்டாதீர்கள்’ என்று ஒரு பலகை மட்டும் வையுங்கள். வேர் பிடித்துவிட்டால் அதற்குத் தண்ணீர் ஊற்றக்கூட ஆள் வேண்டாம்.