அரக்கு மறுநாள்தான் வரும்

ஜெராய் மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. கதவைத் திறந்ததுமே அக்கா அதைத்தான் பார்த்தார். "மழை வரும்போல தம்பி, மாவு வேர்க்கும். உள்ள வாங்க."

சுங்கைப் பட்டாணியில் ஒரு தமான் வீடு. சமையல்கட்டை அடுத்த சின்ன அறையில்தான் அவர் கேக் அலங்காரம் செய்கிறார். ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை பீடோங்கில் ஒரு சடங்கு. பெண்ணுக்கு எடுத்த பட்டுச்சேலை போலவே கேக்கும் வேண்டுமாம்: மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. நான் போனது புதன்கிழமை. அன்றைக்கே கலர் ஏற்றத் தொடங்கிவிட்டார்.

கேக்கைப் போர்த்தும் ஃபோண்டன்ட், பொதுவாக ஐசிங் சீனியோடு குளுக்கோஸ், கிளிசரின், ஜெலட்டின் சேர்த்துப் பிசைந்த மாவு. தண்ணீர்க் கலரை ஊற்றினால் சீனி கரைந்து பிசுபிசுக்கும். அதனால் ஜெல் கலர்தான். பல்குச்சி நுனியில் தொட்டு மாவில் கோடு இழுத்தார்; குச்சியை எறிந்தார். அடுத்த தொடுதலுக்குப் புதுக் குச்சி. மாவு ஒட்டிய குச்சியை டப்பாவில் விட்டால் கலர் முழுவதும் கெட்டுப்போகும்.

பிறகு பிசைதல். இழுத்து, மடித்து, உள்ளங்கையால் அழுத்தி, மறுபடி இழுத்து. பத்து நிமிடத்தில் வெளியே ஒரே நிறமாகத் தெரிந்தது. எனக்கு முடிந்துவிட்டது போல்தான் இருந்தது. அக்கா கத்தியால் நடுவில் வெட்டிக் காட்டினார். உள்ளே வெள்ளைக் கோடுகள் சுருள்சுருளாக ஓடின. இன்னும் பிசைந்தார். அடர்ந்த நிறத்துக்குக் கையில் சோளமாவு தொடக்கூடாது. வெளுத்த திட்டு விழும். ஷார்ட்டனிங் தடவிக்கொண்டார்.

அரக்கு வரவில்லை. மாதிரிக்கு வைத்திருந்த சேலைத் துணுக்குக்குப் பக்கத்தில் வெறும் சிவப்பாகத்தான் இருந்தது. "இன்னும் கொஞ்சம் கலர் போடலாமே?" என்று கேட்டேன். "போட்டா கசக்கும், மாவும் தளர்ந்துடும். பொட்டு பிரவுன் போதும். நாளைக்குப் பாருங்க, தானா ஏறும்." பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைத்தார். கறுப்பு என்றால் வெள்ளை மாவில் தொடங்கவே மாட்டாராம். முதலில் கொக்கோ பிசைந்து பழுப்பாக்கிவிட்டு, அதன்மேல்தான் கறுப்பு.

அக்காவின் அம்மா வாசல் நாற்காலியில் இருந்தார். தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது பட்டணத்துக்கு வந்த குடும்பங்களில் இதுவும் ஒன்று. மகள் உருளையால் தேய்த்த வெள்ளை மாவைத் தூக்கியதும், "பால் ஷீட்டு மாதிரியே இருக்கு பாரு" என்றார். பாலில் ஆசிட் ஊற்றி உறையவைத்து, மெஷினில் தட்டையாக்கிய ஷீட், புகையில் காயப் போடுமுன் அப்படித்தான் வெள்ளையாக இருக்குமாம். விடியுமுன் மரத்தடிக்குப் போன கை அது. மகளின் கையிலும் அதே பொறுமையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை போனேன். டப்பாவைத் திறந்து, மாவை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். டியூப்லைட்டில் பார்த்த நிறத்தை அவர் நம்புவதில்லை. சேலைத் துணுக்கை அதன்மேல் வைத்தார். அரக்கு ஏறியிருந்தது.

அக்காவிடம் எனக்கு மிகவும் பிடித்தது, டப்பா எழுத்தை விடாமல் படிப்பது. ஹலால் முத்திரை இருந்தாலும் ஜெலட்டின் மாட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். மாட்டிறைச்சி தொடாத வீட்டுச் சடங்குக்கு அது ஆகாது. ஜெலட்டின் இல்லாமல் தாவரப் பசையால் செய்த ஃபோண்டன்ட்டைத் தேடி வாங்குகிறார். சிவப்பில் கார்மைன் இருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்தது, சைவக்காரர்களுக்குச் சொல்லிவிடுவார். நிறம் வாய்க்குள் போகிற பொருள். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது, அதில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் கண்டுபிடிக்கப்பட்டதால்தான். மலேசியாவிலும் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் அனுமதிக்கும் நிறங்களை மட்டுமே சேர்க்கலாம்.

இத்தனைக்கும் பிறகு, "சீனியும் கலரும்தானே, ஏன் இந்த விலை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமில்லை.

கேக் சொல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று நாளாவது முன்னால் சொல்லுங்கள். சிவப்பு, கறுப்பு என்றால் இன்னும் ஒரு நாள் கொடுங்கள். மண்டபத்தில் ஜன்னலோரம் வைக்காதீர்கள். வெயில் பட்டால் ஊதா நிறத்திலிருக்கும் சிவப்பு வெளுத்து, நீலம் மட்டும் மிஞ்சும்.